ஒரே மண், இரண்டு சம்பளம்: நெய்வேலியும் விருத்தாசலமும்

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது மங்கலம்பேட்டை பேரூராட்சி. சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை, முந்திரி. நிலம் இருக்கிற வீடு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நிலம் இல்லாத வீடு கூலியைப் பார்த்துக்கொண்டிருக்கும். வயல் வேலையை விட்டு வெளியே போய்ச் சொந்தக் காலில் நிற்க நினைத்தவர்களுக்கு இந்த வட்டாரம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டு இடங்களைக் கைகாட்டி வந்திருக்கிறது. ஒன்று நெய்வேலி. மற்றொன்று விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகள்.

இரண்டும் ஒரே நிலத்தில் விளைந்தவை. இந்த வட்டாரத்தின் மணற்கல்லுக்கும் களிமண்ணுக்கும் கீழே பழுப்பு நிலக்கரி படுத்திருக்கிறது. அதை எடுக்க மேல்மண்ணைப் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அகற்ற வேண்டும். அப்படி அகற்றும் மண்ணில் வெண்களிமண்ணும் உண்டு. நெய்வேலித் திட்டத்தில் ஆரம்ப காலத்திலேயே களிமண் கழுவும் ஆலை ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. அடியில் கிடந்த கரி அனல்மின் நிலையத்துக்குப் போனது. வட்டாரத்தின் வெண்களிமண் விருத்தாசலத்தில் அகல் விளக்காகவும் பொம்மையாகவும் ஃபியூஸ் கட்டையாகவும் ஆனது.

கரியைத் தொட்டவருக்கும் களிமண்ணைத் தொட்டவருக்கும் கிடைத்த வாழ்க்கை மட்டும் ஒன்றாக இல்லை. ஒருவருக்கு ஓய்வுக்காலம் வரை திட்டமிட்ட வருமானம். இன்னொருவருக்கு அடுத்த சனிக்கிழமை வரை. ஒரு மனிதரின் பொருளாதாரச் சுதந்திரத்தில் சமூகத்தின் பங்கு எவ்வளவு, அவர் தாமே எடுக்கும் முடிவுகளின் பங்கு எவ்வளவு என்ற பழைய கேள்வியை இந்த இரண்டு வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரிந்துகொள்ளலாம்.

சம்பளத் தொகையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் விடை ஒரு வரியில் முடிந்துவிடும். எனவே மூன்று கேள்விகளை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். பிடிக்காத வேலையையோ கெடுபிடியான நிபந்தனையையோ இவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடிகிறதா? மூன்று மாதம் வருமானம் நின்றால் கடன்காரர் வாசலுக்கு வராமல் குடும்பம் ஓடுமா? வீடு, நிலம், சேமிப்பு, ஓய்வூதியம் என்று ஏதாவது ஒன்று இவர் பெயரிலேயே இருக்கிறதா?

பிறந்த விதம்

1930களில் நிலக்கிழாரான ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வருவதைக் கண்டு அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். நெய்வேலியின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1956 நவம்பரில் மத்திய அரசு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைப் பதிவு செய்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தந்தது. நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு நகரமும் உருவானது. அகலமான சாலைகள், குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, அங்காடி எல்லாம் வந்தன. வேலையில் சேர்ந்தவர் சம்பளத்தோடு ஒரு முழு ஊரையும் பெற்றார்.

விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் வேறு வழியில் வளர்ந்தது. மாநில அரசு இங்கே பீங்கான் தொழிற்பேட்டை அமைத்தது. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயம் தரும் அரசு நிறுவனம் வந்தது. தமிழ்நாடு செராமிக்ஸ் என்ற பெயரில் அரசு நிறுவனமும் இயங்கியது. பின்னாளில் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் இங்கே கழிவுநீர்க் கற்குழாய் ஆலையை நடத்தியது. ஆனாலும் தொழிலின் பெரும்பகுதி சிறு முதலாளிகளின் கையில்தான். ஒரு கொட்டகை, சில மேடைகள், ஒரு சூளை, கொஞ்சம் ஆட்கள். சந்தை மாறினால் அடி நேராக இவர்கள் மேல் விழும். கற்குழாயின் இடத்தை பி.வி.சி. குழாய் பிடித்தது. பீங்கான் ஃபியூஸ் கேரியரின் இடத்தை எம்.சி.பி. என்னும் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச் பிடித்தது. பொம்மையும் விளக்கும் பண்டிகைக் காலத்தை நம்பியவை.

முதலாவதற்கு நாடே பொறுப்பேற்றது. இரண்டாவதற்கு நாடு இடம் ஒதுக்கிக் கொடுத்தது. பொறுப்பைச் சந்தையிடம் விட்டது. இந்த வித்தியாசத்தை எந்தத் தொழிலாளியும் தீர்மானிக்கவில்லை. ஆனால் அவருடைய மீதி வாழ்க்கையை இது தீர்மானிக்கிறது.

நுழையும் வாசல்

நெய்வேலிக்குள் நிரந்தரமாக நுழைய ஐ.டி.ஐ. சான்றிதழோ பட்டயமோ பட்டமோ வேண்டும். தேர்வு எழுத வேண்டும். அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்கும் வசதி தேவை. இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிக்கும் பையனுக்குச் சோறு போடும் குடும்பம் பின்னால் இருந்தால்தான் அது நடக்கும். பெண் பிள்ளை என்றால் அதே இரண்டு வருடத்தில் வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

பீங்கான் பட்டறைக்குள் நுழைய யாராவது அழைத்துப் போனால் போதும். பக்கத்து வீட்டு அக்கா, சித்தி, நாத்தனார் என்று ஒருவர் கையைப் பிடித்து இன்னொருவர் வருகிறார். தொழிலை மேடையிலேயே கற்கிறார்கள். படிப்பு நின்றுபோன பெண்ணுக்கு, கணவனை இழந்தவருக்கு, நாற்பது வயதில் முதன்முதலாகச் சம்பாதிக்க வெளியே வருபவருக்கு இந்த வாசல் திறந்திருக்கிறது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நெய்வேலியின் வாசல் உயர்ந்தது, ஆனால் குறுகியது. பட்டறையின் வாசல் தாழ்ந்தது. ஆனால் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

உள்ளே நடக்கும் வேலையையும் பார்க்க வேண்டும். களிமண்ணை நீரில் கரைத்துக் குழம்பாக்கிச் சல்லடையில் வடித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, உட்சுவரில் மண் படிகிறது. வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் பொம்மை தளர்ந்து சரியும். பிந்தினால் கனத்துப் போய்ச் சூளையில் வெடிக்கும். அச்சைப் பிரித்ததும் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு தழும்பு ஓடும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்கி உலர்த்துகிறார்கள். பிறகு சூளை, அப்புறம் கிளேஸ் என்னும் மெருகுப் பூச்சு, மறுபடி சூளை. கார்த்திகைக்கான ஆர்டர் குவியும் காலம் வடகிழக்குப் பருவமழைக் காலம். மண் காய மறுக்கும் நாட்களில்தான் அதிகமாகக் காய வேண்டியிருக்கிறது. உலர்ந்த மண்ணைச் சீவும்போது எழும் நுண்தூளில் சிலிக்கா இருக்கும். பல ஆண்டுகள் அதைச் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரலாம். அதைக் குணப்படுத்த முடியாது. இவ்வளவு கைத்திறனையும் இவ்வளவு ஆபத்தையும் கொண்ட வேலையை "அன்ஸ்கில்டு" என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிக் கூலி போடுவது நியாயமே இல்லை.

சம்பளச் சீட்டும் சம்பள நோட்டும்

நெய்வேலி நிரந்தரத் தொழிலாளியின் கையில் மாதாமாதம் ஒரு சம்பளச் சீட்டு வருகிறது. அடிப்படை ஊதியம், பஞ்சப்படி, இதர படிகள் ஒரு பக்கம். வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, சங்கக் கடன் பிடித்தம் இன்னொரு பக்கம். பட்டறையில் இருப்பது ஒரு நோட்டு. பெயருக்கு நேராக வந்த நாட்களின் கோடுகள், வாங்கிய முன்பணம், மிச்சம். அந்த நோட்டும் முதலாளியிடம்தான் இருக்கும்.

இந்த இரண்டு தாள்களுக்கும் நடுவில் உள்ள தூரம் வெறும் சம்பள வித்தியாசம் இல்லை. சம்பளச் சீட்டை நீட்டினால் வங்கி கடன் தருகிறது. நோட்டை எந்த வங்கியும் ஏற்காது. ஒரு லட்சம் ரூபாய் தேவைப்படும் இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் வாங்குபவர் முதல் வருடம் வட்டியாகக் கட்டுவது அதிகம் போனால் 9,000 ரூபாய். 24 சதவீதத்தில் நுண்கடன் வாங்கி வாரத் தவணை கட்டும் பெண்ணுக்கு வட்டி விகிதமே இரண்டரை மடங்குக்கும் மேல். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்று தெருவில் வாங்குபவருக்கு ஆண்டு வட்டி 60 சதவீதம். அசல் அப்படியே இருக்க 60,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. கந்துவட்டிக்கு எதிராக 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கடன் நிறுவனங்களின் கெடுபிடி வசூலைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டம் வந்தது. சட்டம் வட்டிக்காரரைத் தடுக்கலாம். கையில் சீட்டு இல்லாதவருக்கு அதற்குப் பதிலாக எங்கே கடன் கிடைக்கும் என்பதற்கு அது மட்டும் விடையாகாது.

பட்டறைக்காரருக்கு வருங்கால வைப்பு நிதி ஏன் இல்லை என்ற கேள்விக்கும் அமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 20 பேர் வேலை செய்தால்தான் நிறுவனம் அந்தத் திட்டத்துக்குள் கட்டாயமாக வரும். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 10 பேர் வேண்டும். ஆள் எண்ணிக்கை இருபதுக்குக் கீழே நிற்கும்வரை வைப்பு நிதிக்கு முதலாளியின் பங்களிப்பான 12 சதவீதம் எழுதப்படுவதே இல்லை. அந்த 12 சதவீதம் தொழிலாளியின் சோம்பலால் இழந்த பணம் இல்லை. கொட்டகை சிறியதாக இருப்பதால் இழந்த பணம். முப்பது வருட உழைப்பின் முடிவில் அதுதான் முதுமையின் சோறாக இருந்திருக்கும்.

நம் முதல் இரண்டு கேள்விகளுக்கும் இங்கே விடை கிடைக்கிறது. நெய்வேலி நிரந்தரத் தொழிலாளி "வேண்டாம்" என்று சொல்லலாம். சொன்னால் விளக்கம் கேட்பார்கள், விசாரிப்பார்கள், தொழிற்சங்கம் துணைக்கு வரும். நோயில் படுத்தாலும் வீடு ஓடும். பட்டறைத் தொழிலாளி "வேண்டாம்" என்றால் மறுநாள் அந்த மேடையில் வேறொருவர் நிற்பார். முன்பணம் வாங்கியிருந்தால் அந்தச் சொல் வாயிலேயே வராது.

யார் கைக்குப் போகிறது?

மூன்றாவது கேள்வியில் தராசு கொஞ்சம் மறுபக்கம் சாய்கிறது. நெய்வேலியின் நிரந்தர வேலை பெரும்பாலும் ஆணின் பெயரில் இருக்கிறது. குடியிருப்பு அவர் பெயரில். மருத்துவ அட்டையில் மனைவி "சார்ந்திருப்பவர்". வங்கிக் கணக்கும் அவருடையது. வீட்டில் வசதி இருக்கிறது. ஆனால் அந்த மனைவியிடம் நம் மூன்று கேள்விகளையும் கேட்டால் பல வீடுகளில் விடை வராது. கணவர் ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்பதுகூட அவர் எடுக்காத முடிவு.

பட்டறையில் பொம்மை சீவும் பெண்ணின் வருமானம் இதோடு ஒப்பிடக்கூடியதே இல்லை. ஆனால் அது அவர் கையில் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. மகளின் தேர்வுக் கட்டணமா, மளிகைக் கடைப் பாக்கியா என்று வீடு போகும் வழியில் அவரே முடிவு செய்கிறார். வீட்டில் அவர் பேச்சுக்கு ஒரு கனம் வருகிறது. இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்தப் பெருமையின் அடியில் இருப்பது இப்படிச் சின்னச் சின்னச் சம்பளங்கள்தான்.

அப்படியானால் எந்தப் பெண் சுதந்திரமானவர்? வசதியோடு சார்ந்திருப்பவரா, வசதியின்றிச் சொந்தக் கையில் வைத்திருப்பவரா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறு. ஒருவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது, அதிகாரம் இல்லை. மற்றவருக்கு அதிகாரம் இருக்கிறது, பாதுகாப்பு இல்லை. பொருளாதாரச் சுதந்திரம் இரண்டும் சேர்ந்தால் மட்டுமே வரும்.

அரசின் திட்டங்களும் இந்த முடிச்சை முழுதாக அவிழ்க்கவில்லை. 2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களின் கணக்கில் வருகிறது. பீங்கான் பட்டறைப் பெண்ணுக்கு அது முன்பணம் கேட்காமல் இருக்க உதவும் தொகை. நிரந்தர ஊழியர் குடும்பத்துக்கு அது கிடையாது. குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிடும். பொதுப் பணத்தைத் தேவைப்படுவோருக்குத் தர வேண்டும் என்ற அளவில் இது சரியே. ஆனால் குடும்பத்தின் வருமானத்தை அப்படியே மனைவியின் வருமானமாக எண்ணும் பழக்கம் அரசின் விண்ணப்பப் படிவம் வரை வந்திருப்பதையும் பார்க்க வேண்டும்.

நிலமும் விடுதலைப் பத்திரமும்

நெய்வேலியின் கதையில் மறைந்து கிடக்கும் மூன்றாவது மனிதர் ஒருவர் இருக்கிறார். நிலத்தைக் கொடுத்தவர். சுரங்கம் விரிய விரியக் கிராமங்கள் இடம் பெயர்ந்தன. 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்துக்காக வளையமாதேவி கிராமத்தில் விளைந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. நிலத்துக்கு இழப்பீடு, வீட்டுக்கு மாற்று மனை, ஒருவருக்கு நிரந்தர வேலை என்பது இந்த மக்களின் நெடுங்காலக் கோரிக்கை. நிலம் இருந்தவரை தம் உழைப்புக்குத் தாமே எஜமானராக இருந்தவர், நிலம் போன பிறகு அதே மண்ணில் ஒப்பந்தக் கூலியாக நிற்பதும் நடக்கிறது. நெய்வேலியின் வேலிக்கு உள்ளே இன்னொரு வேலி இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். ஒரே ஊதியத்தோடு ஏறுவதில்லை. 2012இல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தது இந்த வித்தியாசத்தை எதிர்த்துத்தான். ஒப்பந்தத் தொழிலாளியின் வாழ்க்கை, நெய்வேலி என்ற பெயருக்குள் இருந்தாலும், நம் மூன்று கேள்விகளின்படி விருத்தாசலத்துப் பட்டறைக்கே நெருக்கம்.

இழப்பீட்டுப் பணம் பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போகிறது. பட்டாவில் யார் பெயர்? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது வருடம் கழித்து, 1989இல், தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கு கிடைத்தது. 2005இல் நாடு முழுவதற்கும் அது விரிந்தது. தந்தை உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை, மகளுக்கு உரிமை பிறப்பிலேயே வருகிறது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது வேறு. தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் தங்கை கையெழுத்துப் போடுகிறார். "பொறந்த வீட்டு உறவு வேணும்ல" என்பார்கள். "சீர் செஞ்சாச்சே, நகை போட்டாச்சே" என்பார்கள். அண்ணன் நாளைக்கு வாசலுக்கு வர வேண்டும், பிள்ளைக்குத் தாய்மாமன் முறை செய்ய வேண்டும் என்ற நினைப்பில் அவர் பேனாவை வாங்குகிறார். அந்தக் கையெழுத்து அவர் எடுத்த முடிவு என்றுதான் ஆவணம் சொல்கிறது. மறுத்தால் இழக்கப் போகும் உறவைப் பற்றி ஆவணத்தில் ஒரு வரியும் இல்லை.

சொந்த முடிவுகளின் எல்லை

அமைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், தனிமனிதர் எதையும் செய்ய முடியாது என்று அர்த்தமாகிவிடும். அது உண்மை இல்லை. நிரந்தர வேலையில் இருந்தும் ஓய்வு பெறும் நாளில் கடனோடு வெளியே வருபவர்கள் இருக்கிறார்கள். ஆடம்பரக் கல்யாணம், குடி, பிறருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, அதிக வட்டி தருவதாகச் சொன்ன நிறுவனத்தில் போட்ட பணம் என்று காரணங்கள் பல. கூலியில் மகளைக் கல்லூரி முடிக்க வைத்த தாய்மார்களும் இருக்கிறார்கள்.

பட்டறைக்குள்ளேயே ஒரு முடிவு வாழ்க்கையை மாற்றும். சீவுவதோடு நிற்பவரும், அச்சு செய்யக் கற்றவரும், சூளையின் வெப்பத்தை மதிப்பிடத் தெரிந்தவரும் ஒரே நிலையில் இல்லை. அச்சும் சூளையும் தெரிந்தவரை முதலாளி எளிதில் இழக்கத் துணிய மாட்டார். அவருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் வலிமை வருகிறது. ஆனால் சூளை வேலை ஆணுக்கு, துடைப்பதும் வண்ணம் தீட்டுவதும் பெண்ணுக்கு என்ற பிரிவினை பழக்கமாகிவிட்டது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று பெண் எடுக்கும் முடிவு இந்தப் பழக்கத்தில் முட்டி நிற்கிறது.

மகளுக்கு நகை சேர்ப்பதா, படிப்புக்குச் செலவழிப்பதா என்பது இன்னொரு முடிவு. நகையைச் சேர்க்கும் தாயை முட்டாள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சமூகம் வரதட்சணை கேட்கும்வரை நகை அவருக்குத் தேவை. பட்டறை நோட்டை வங்கி ஏற்காதவரை அடகு வைக்கவும் அதே நகைதான் தேவை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவை தாயின் கணக்கை மாற்றுகின்றன. பேருந்துக்குக் காசு வேண்டாம், மாதம் கொஞ்சம் பணமும் வரும் என்றால் "படிக்கட்டும்" என்று சொல்வது அவருக்கு எளிதாகிறது. அரசு அவருக்குப் புத்தி சொல்லவில்லை. நல்ல முடிவின் விலையைக் குறைத்தது.

இந்த ஒப்பீட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். முடிவுகளைத் தனிமனிதர் எடுக்கிறார். அந்த முடிவு தவறினால் கொடுக்க வேண்டிய விலையைச் சமூகம் நிர்ணயிக்கிறது. நிரந்தர ஊழியர் ஒரு தவறான முதலீடு செய்தால் இரண்டு வருடம் சிரமப்படுவார். வைப்பு நிதி அவரைத் தாங்கும். பட்டறைப் பெண் ஒரு தவறான கடன் வாங்கினால் மகளின் படிப்பு நிற்கும். இருவரும் செய்தது ஒரே அளவு தவறு. "பார், அவர் முன்னேறிவிட்டார், இவர் முன்னேறவில்லை" என்று பேசுகிறவர்கள் இந்த விலையைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

டாக்காவும் லண்டனும்

வங்கதேசப் பொருளாதார அறிஞர் நைலா கபீர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல துணை. டாக்காவிலும் லண்டனிலும் ஆடைத் தொழிலில் இருந்த வங்கதேசப் பெண்களை அவர் ஒப்பிட்டார். பர்தா மரபு வலுவாக இருந்த டாக்காவில் பெண்கள் ஆயிரக்கணக்கில் தொழிற்சாலைக்குப் போனார்கள். சுதந்திரமான நகரம் என்று பெயர் பெற்ற லண்டனிலோ அதே சமூகத்துப் பெண்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் உட்கார்ந்து துண்டு வீதக் கூலிக்குத் தைத்தார்கள். டாக்காவில் பெண்களுக்கென்றே திறந்த புது வேலைவாய்ப்பு இருந்தது; சேர்ந்து போகத் தோழிகள் இருந்தார்கள். லண்டனில் தெருவில் இனவெறி இருந்தது. சொந்தச் சமூகத்தின் கண்காணிப்பும் இருந்தது.

பண்பாடு ஒன்றாக இருந்தும் முடிவுகள் வேறாயின. எந்த வாசல் திறந்திருக்கிறது, அதுவரை நடந்துபோகும் தெரு எப்படி இருக்கிறது என்பது முடிவை வழிநடத்தியது. மங்கலம்பேட்டையில் பேருந்து ஏறும் பெண்ணுக்கும் இதே கணக்குத்தான். பேருந்து நேரத்துக்கு வருமா, மாலை ஆறு மணிக்குப் பிறகு திரும்பினால் தெரு என்ன பேசும், கைக்குழந்தையை யார் பார்ப்பார்கள் என்ற மூன்றுக்கும் விடை இருந்தால் அவர் வேலைக்குப் போவார். அதற்குப் பிறகு வருவதுதான் ஊதியமும் சேமிப்பும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்

நெய்வேலியிடமிருந்து விருத்தாசலம் கற்க வேண்டியது எழுத்தில் உள்ள உரிமை. ஒவ்வொரு பட்டறையும் சிறியதாக இருக்கலாம்; தொழிற்பேட்டை சிறியது இல்லை. பட்டறைகள் சேர்ந்து கூட்டமைப்பாக வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் கட்டுவதற்கு வழி செய்தால் 20 பேர் என்ற வரம்பு தடையாக நிற்காது. பெயர், நாள், தொகை எழுதிய கூலிச் சீட்டை வாரந்தோறும் தொழிலாளி கையில் கொடுப்பதற்குப் பெரிய செலவு இல்லை. அதை வங்கிகள் வருமானச் சான்றாக ஏற்க வேண்டும். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் விருத்தாசலத்திலேயே இருக்கும்போது, பட்டறைப் பெண்களுக்கு அச்சும் சூளையும் கிளேஸும் சொல்லித்தரும் மாலைநேர வகுப்பு நடத்துவது நியாயமான கோரிக்கை. தூசி உறிஞ்சும் கருவியும் ஆண்டுக்கொரு நுரையீரல் பரிசோதனையும் சலுகைகள் இல்லை. வேலையின் ஒரு பகுதி.

விருத்தாசலத்திடமிருந்து நெய்வேலி கற்க வேண்டியது பெண்ணின் கைக்கு நேராகப் போகும் பணத்தின் மதிப்பு. நில இழப்பீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்பட வேண்டும். பங்குள்ள மகள்களும் அந்தக் கணக்கில் வர வேண்டும். ஒரே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரே ஊதியம் வேண்டும். நிரந்தர ஊழியரின் வீட்டிலும் செய்யக்கூடியது உண்டு. மனைவி பெயரில் தனிக் கணக்கு, அதில் மாதாமாதம் ஒரு தொகை, மனையோ வீடோ வாங்கினால் கூட்டுப் பட்டா. இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. அந்த வீட்டுக்காரர் முடிவெடுத்தால் போதும்.

நாளைக்கு மங்கலம்பேட்டையில் ஒரு பெண் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, அடுத்து என்ன என்று யோசிக்கலாம். அவளிடம் "நன்றாக முடிவெடு" என்று சொல்வது நம் கடமையில் பாதிதான். அவள் எந்த முடிவை எடுத்தாலும் ஒரு தடவை தவறலாம், தவறிய பிறகும் எழுந்து நிற்கலாம் என்கிற அளவுக்குச் சம்பளத்தையும் சட்டத்தையும் வீட்டுப் பழக்கத்தையும் திருத்துவது மற்றப் பாதி. முதல் பாதியை நாம் எல்லோரும் அலுக்காமல் செய்துவருகிறோம். இரண்டாம் பாதியைச் செய்ய வேண்டியவர்கள் ஆட்சியாளர்களும் முதலாளிகளும் மட்டும் இல்லை. அவளுடைய அப்பாவும் அண்ணனும்கூட.